கொக்கின் பின் சீட்

ஜனவரி 2

கம்பெனி டைரி வந்தது. மாதத்துக்கு ஒரு வண்டியின் படம் போடுவார்கள். ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை இரண்டு தடவை புரட்டிப் பார்த்துவிட்டேன். ஹெரான் 450 இல்லை. அக்டோபர் எப்போதும் அதனுடைய மாதம், மூணாறு வளைவில் சாய்ந்தபடி நிற்கும். இந்த அக்டோபரில் ஒரு ஸ்கூட்டர். ஸ்கூட்டரின் மேல் ஒரு தர்பூசணி. ஏன் தர்பூசணி என்று யாராவது எனக்குச் சொன்னால் தேவலை.

விளம்பரப் பிரிவுக்குப் போன் செய்தேன். "இடம் பத்தல மேடம்" என்றார்கள்.

டைரியின் முதல் பக்கம் பெயர், வயது, வேலை எல்லாம் கேட்கிறது. எழுதிவிடுகிறேன். மங்கையர்க்கரசி. நாற்பத்து மூன்று. சொந்த ஊர் சேலம், இருப்பது ஓசூர். வேலை: இடம் பத்தாத அந்த வண்டிக்குப் பொறுப்பாளர்.

வேகமாகவும் போகலாம், களைப்பில்லாமல் நெடுந்தூரமும் போகலாம் என்பதற்காகவே செய்த வண்டி அது. முன்னால் காற்றைத் தடுக்கும் கண்ணாடி, இரண்டு பக்கமும் பெட்டி, நீண்ட கழுத்து. அந்தக் கழுத்தைப் பார்த்துத்தான் ஜனங்கள் 'கொக்கு' என்று பெயர் வைத்தார்கள். பதின்மூன்று வருடத்தில் பெயின்ட்டைத் தவிர எதையும் மாற்றவில்லை. அது பிறந்தபோது இருபத்திரண்டு பேர் இதற்காக வேலை செய்தோம். இப்போது இரண்டு பேர். நான், சோதனை ஓட்டுநர் இருதயராஜ்.

ஜனவரி 5

இருதயராஜிடம் டைரியைக் காட்டினேன். மெதுவாகப் புரட்டினார்.

"படத்துல இல்லாட்டி என்ன மேடம், ரோட்டுல இருக்குல்லா" என்றார்.

மணப்பாட்டுக்காரர், வயது நாற்பத்தாறு. என்னைப் போலவே இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்க நாள் குறித்த இரண்டு தடவையும் வண்டியோடு லடாக்கில் மாட்டிக்கொண்டாராம். "மூணாவது தடவை யாரும் நாள் குறிக்கல" என்று சொல்லி அவரே சிரிப்பார். இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன்? ஆள் அறிமுகம் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஜனவரி 20

புதிய தலைமை அதிகாரி சக்சேனா கூப்பிட்டார். மெலிந்த மனிதர், மரியாதையானவர், மேசையில் எப்போதும் இஞ்சி மிட்டாய். காரில் போனாலே தலை சுற்றும் என்று அவரே சொன்னார். மோட்டார் கம்பெனிக்கு எப்படி வந்தார் என்று நான் கேட்கவில்லை.

திரையில் ஒரு கோடு காட்டினார். பதின்மூன்று வருடம் முன்பு மேலே இருந்த கோடு இப்போது தரையில் படுத்திருந்தது.

"மாதம் நாற்பத்தோரு வண்டி. அடுத்த வருடம் புதிய புகை விதி வருகிறது. இஞ்ஜினை மாற்றாவிட்டால் விற்க முடியாது. எதற்காக மாற்ற வேண்டும்?"

"சார், அது ரொம்ப நல்ல வண்டி."

"மார்ச் இருபதாம் தேதி வாரியக் கூட்டம். அதற்குள் 'நல்ல வண்டி' இல்லாத வேறு ஒரு காரணம் கொண்டு வாருங்கள்." ஒரு இஞ்சி மிட்டாயும் கொடுத்தார்.

ஜனவரி 23

கிடைத்துவிட்டது! சர்வீஸ் பதிவுகளைத் தோண்டினேன். ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய கொக்குகள் இருநூற்றுப் பதினான்கு. யாரும் விற்கவில்லை. இவ்வளவு பேர் இவ்வளவு காலம் ஒரு வண்டியைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றால் அவர்களை நேரில் பார்த்துக் கேட்டாலே காரணம் கிடைத்துவிடும். சக்சேனா ஒரு வாரம் கொடுத்தார். இரண்டு வண்டி, நானும் இருதயராஜும்.

அவரை அழைத்துப் போவது பாதுகாப்புக்காக. விதியிலேயே இருக்கிறது. தேடிக் கண்டுபிடித்தேன்.

பிப்ரவரி 6, நாமக்கல்

ஓசூரில் காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். தொப்பூர் இறக்கத்தில் பனி. இருதயராஜ் முன்னால், நான் பின்னால். வளைவுகளில் அவர் சாய்வதைப் பார்த்தால் யாரோ அவரைப் பேனாவால் ஒரே இழுப்பாக வரைந்ததுபோல இருக்கிறது. சாய்வுக் கோணம் குறித்துக்கொள்ளவேண்டும் என்று நினைத்தேன், மறந்துவிட்டேன்.

முதல் ஆள் தலைமையாசிரியர் அன்புக்கரசு. ஒரு லட்சத்து எண்பத்திரண்டாயிரம் கிலோமீட்டர். எங்களைக் கண்டதும் உறவுக்காரர்கள் வந்ததுபோல வாசலுக்கு ஓடி வந்தார். பூட்டான் வரை போயிருக்கிறார். வண்டியைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை.

கடைசியில் அந்தக் கேள்வியைக் கேட்டேன். "புதுசா ஒண்ணு செஞ்சா வாங்குவீங்களா சார்?"

"புதுசு எதுக்குங்க? இதுவே இன்னும் பத்து வருஷம் ஓடுமுங்க."

"இல்ல சார், புது இஞ்ஜின்…"

"இதுலதான் ஒரு குறையும் இல்லீங்களே!"

அவர் மனைவி சுலோசனா இட்லி வைத்தபடியே, "அன்னைக்குக் கடையில நாந்தானுங்க இதை எடுக்கச் சொன்னேன். இவரு சேப்பு வண்டி ஒண்ணத்தப் பாத்துட்டு நின்னுட்டாரு" என்றார். சட்னி பிரமாதம். கடலைச் சட்னி.

பிப்ரவரி 7, திண்டுக்கல்

கால்நடை மருத்துவர் மெஹருன்னிசா. இங்கே வண்டி ஓட்டுவது டாக்டரம்மா. பின்னால் உட்காருவது கணவர் அக்பர் அலி, மடியில் தடுப்பூசி ஐஸ் பெட்டியோடு. ஒரு லட்சத்து நாற்பதாயிரம்.

"புதுசு வந்தா?"

"எதுக்கும்மா? மாடு உதைச்சும் இதுக்கு ஒண்ணும் ஆகலையே!"

இரண்டு நாளில் ஐந்து பேரைப் பார்த்தாயிற்று. ஐந்து பேரும் வண்டியைக் கொஞ்சுகிறார்கள், ஐந்து பேரும் புதியது வேண்டாம் என்கிறார்கள். கெடாத வண்டி செய்தோம், அதனால் யாரும் இன்னொன்று வாங்கவில்லை. சக்சேனாவிடம் போய் இதைச் சொன்னால் அவர் இன்னொரு இஞ்சி மிட்டாய் கொடுப்பார்.

புலம்பினேன். இருதயராஜ் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டுவிட்டு, "கொஞ்சம் கெட்டுப்போற மாதிரி செஞ்சிருக்கணும் மேடம், தப்பு நம்மமேலதான்" என்றார். டீக்கடைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன். நிலைமை மோசம். ஏன் இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறேன் என்று புரியவில்லை. வெயிலாக இருக்கும்.

பிப்ரவரி 8

விழுந்தேன். எழுதித்தான் ஆகவேண்டும். மலைப் பாதையிலோ மழையிலோ இல்லை. அருப்புக்கோட்டை தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில், நின்ற இடத்தில் விழுந்தேன். இருதயராஜ் போட்டோ எடுக்கிறேன் என்றார். நான் கையை ஆட்டினேன். சைடு ஸ்டாண்ட் போடவில்லை. பதின்மூன்று வருடம் அந்த வண்டியோடு வாழ்ந்தவள், அதோடு சேர்ந்து மெதுவாக, கண்ணியமாகச் சாய்ந்தேன். போட்டோ நன்றாக வந்திருக்கிறது.

கிளட்ச் லீவர் உடைந்தது. இடது மணிக்கட்டு சுளுக்கு. பக்கத்து ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, பத்து நாள் வண்டி ஓட்டக்கூடாது என்றார்கள். என் வண்டியை லாரியில் ஓசூருக்கு அனுப்பிவிட்டோம்.

"பஸ்ல ஏத்தி விடட்டா மேடம்?"

"இன்னும் மூணு பேரைப் பாக்கணுமே."

"அப்ப ஏறுங்க."

பின் சீட்டுக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி உண்டு. அது மிக நல்ல கைப்பிடி. ஆனால் ஒரு கையால் பிடித்தால் உடம்பு ஒருபக்கம் இழுக்கிறது. ஆகவே வலது கையை அவர் தோளில் வைக்க நேர்ந்தது. மருத்துவக் காரணம்.

வண்டி கிளம்பியது. இதன் பிறகு நடந்ததை ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

காற்று முகத்தில் அறையவில்லை, கண்ணாடியில் ஏறி எங்கள் இருவர் தலைக்கும் மேலே போய்விடுகிறது. சீட் அரை அடி உயரமாக இருப்பதால் அவர் தோளுக்கு மேலாக ரோடு முழுக்கத் தெரிகிறது. கத்தாமல் பேசலாம். கரிசல் காடு இரண்டு பக்கமும் கருப்பாக விரிந்து கிடந்தது, நடுவில் பருத்தி வெடித்திருந்தது. ஓட்டும்போது நான் பார்ப்பது பள்ளம், லாரி, கண்ணாடி. இன்று ஒரு மரங்கொத்தியைப் பார்த்தேன். மேகம் பார்த்தேன். பாட்டு வந்தது, பாடிவிட்டேன்.

அவர் ஓட்டும்போது தனக்குத்தானே எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டு வருகிறார். சோதனை ஓட்டத்தில் பதிவுக் கருவிக்குச் சொல்லிப் பழகியது. "வலது பக்கம் பள்ளம். முன்னால லாரி. பிரேக் போடுதேன். ஆடு ஒண்ணு நிக்கி. யோசிக்கி. போயிட்டு." இருபத்துநாலு வருடமாக இந்த வர்ணனையை ஒரு மெஷின் மட்டும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது! எவ்வளவு வீண்!

தூத்துக்குடி வந்ததே தெரியவில்லை. பதின்மூன்று வருடத்தில் இந்த சீட்டில் நான் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. ஒருத்தி தான் கட்டிய வீட்டில் ஓர் அறையைத் திறந்தே பார்க்காமல் இருந்ததுபோல.

உறங்கும் முன் திடீரென்று சுலோசனா அம்மாள் ஞாபகம் வந்தது. "நாந்தானுங்க இதை எடுக்கச் சொன்னேன்." எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

பிப்ரவரி 9, மணப்பாடு

காலையிலேயே திண்டுக்கல்லுக்குப் போன். "டாக்டரம்மா, வண்டியைத் தேர்ந்தெடுத்தது யாரு?"

"அவருதான். பின்னால உக்காந்து பாத்தாரு, இதுதான்னு சொல்லிட்டாரு. எனக்கு எல்லா வண்டியும் ஒண்ணுதான்."

ஏற்கெனவே பார்த்த மற்ற மூன்று பேருக்கும் போன் அடித்தேன். ஒருவர் விதவை அத்தையை வேளாங்கண்ணிக்குக் கூட்டிப்போக வாங்கியவர், அத்தைதான் தேர்ந்தெடுத்தாராம். இன்னொருவர் "என் பெண்டாட்டிய கேளுங்க" என்று போனைக் கொடுத்துவிட்டார். மூன்றாமவர் மட்டும் தானே வாங்கினார். ஐந்துக்கு நாலு!

நாங்கள் பதின்மூன்று வருடமாக யாருக்கு விளம்பரம் செய்தோம்? வளைவில் தனியாகச் சாயும் ஓர் இளைஞனுக்கு. வாங்கியவர்களோ அவன் பின்னால் உட்காருபவர்கள். அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும்தான்.

இருதயராஜிடம் சொல்லச் சொல்ல எனக்கு மூச்சு முட்டியது. "மெதுவா மேடம், பின்னால உக்காந்து குதிக்காதீங்க, வண்டி ஆடுது" என்றார்.

மதியம் மணப்பாட்டில் அவர் அக்கா ஸ்டெல்லா வீட்டில் சாப்பாடு. கடல் வாசலிலேயே இருக்கிறது. நாங்கள் வந்து இறங்கியதும் அக்கா கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார்.

"ராசு, பின்னால ஆளை ஏத்திட்டா வந்திருக்க?" என்றவர் என்னிடம் திரும்பினார். "கம்பெனி வண்டி, டெஸ்ட் வண்டின்னு எங்க அம்மையவே இவன் ஏத்தினது இல்ல, பாத்துக்கிடுங்க. உள்ள வாங்க, மீன் ஆறிரும்."

சாளைப் புளிமுளம், புளியும் மிளகாயும் தூக்கலான மத்தி மீன் குழம்பு. நான் மூன்று தடவை சோறு வாங்கினேன். இருதயராஜ் வண்டியைக் கழுவ வெளியே போனபோது அக்கா கேட்டார், "இவன் புனே போனதுக்கப்புறம் ஓசூர்ல உங்களுக்கு யாரு கூட வேலை?"

"புனேயா?"

"சொல்லலியா? அங்க ஒரு கம்பெனில வேலை கிடைச்சிட்டு. இந்த வண்டியைத்தான் நிறுத்தப் போறாகளாமே. ஏப்ரல்ல சேரணும்னு டிசம்பர்லயே கடுதாசி வந்துட்டு."

பிப்ரவரி 10

தூரம் 318 கி.மீ. மைலேஜ் 27. பின் சீட்டில் அதிர்வு இல்லை. மீதி மூன்று பேரையும் பார்த்தாயிற்று. வேறு ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 11, ஓசூர்

வந்து சேர்ந்தோம். இறங்கும்போது, "நேத்திலருந்து பாடவே இல்லியே மேடம்" என்றார். தொண்டை சரியில்லை என்றேன்.

பிப்ரவரி 16

வேலை, வேலை, வேலை. அறுபது வீடுகளுக்குப் போன் செய்தாயிற்று. ஓட்டுபவரைக் கேட்பதில்லை, "பின்னால உக்கார்றவங்ககிட்ட குடுங்க" என்கிறேன். அறுபதில் நாற்பத்தேழு பேர் தாங்கள்தான் தேர்ந்தெடுத்ததாகச் சொல்கிறார்கள். அவர்களிடம் "புதுசு வந்தா வாங்குவீங்களா?" என்று கேட்டால் பதில் வேறு மாதிரி இருக்கிறது!

சுலோசனா அம்மாள்: "ஏறுறதுக்கு முட்டி வலிக்குதுங்க. கால் வைக்கறது கொஞ்சம் தாழ வெச்சு, முதுகுக்குச் சாய ஏதாச்சும் குடுத்தா நாளைக்கே மாத்தச் சொல்லிருவேன்." பின்னணியில் தலைமையாசிரியர், "நல்லாத்தானே ஓடுது!" என்று அலறியது கேட்டது. "நீங்க சும்மா இருங்க, உங்களுக்கென்ன தெரியும் பின்னால இருக்கற கஷ்டம்."

வண்டிக்கு வயதாகவில்லை. உட்காருபவர்களின் முட்டிக்கு வயதாகிவிட்டது. மனைவிகள், கணவர்கள், ஓர் அத்தை, எல்லோரும் பத்து வருடமாக இதைச் சொல்லக் காத்திருந்தார்கள்.

முப்பத்தெட்டுப் பேர் மாற்றுவோம் என்றார்கள்.

பிப்ரவரி 24

பட்டறையில் இருதயராஜும் நானும் புதிய பின் சீட்டுக்கு மாதிரி ஒன்று செய்தோம். கால் வைக்கும் இடம் இரண்டு அங்குலம் கீழே. முதுகுக்குச் சாய்மானம். சரிபார்க்க யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டுமே, நான் உட்கார்ந்தேன். பதினோரு தடவை. ஆய்வு என்றால் அப்படித்தான்.

புனே பற்றி அவர் இன்னும் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. ஒருவர் நல்ல இடத்துக்குப் போனால் சந்தோஷப்பட வேண்டும். சந்தோஷமாகத்தான் இருக்கிறேன்.

மார்ச் 4

இன்றைய நாளை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

சக்சேனாவிடம் நாற்பத்தேழு, முப்பத்தெட்டு எல்லாவற்றையும் சொன்னேன். தலையசைத்துக் கேட்டார். "சரி, ஆனால் அந்த சீட்டில் அப்படி என்னதான் இருக்கிறது?" என்றார்.

"உக்காந்து பாருங்க சார்."

அறையில் எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். காரிலேயே தலை சுற்றும் மனிதர். இஞ்சி மிட்டாய் டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்தார்.

சோதனைத் தடத்தில் ஒரு சுற்று என்று பேச்சு. ஹெல்மெட்டுக்குள் அவர் முகம் மாவுபோல வெளுத்திருந்தது. இருதயராஜ், "சார், நான் எல்லாத்தையும் சொல்லிட்டே போவேன், நீங்க கேட்டுக்கிட்டே வாங்க" என்றார். கிளம்பினார்கள். ஒரு சுற்று முடிந்தது, வண்டி நிற்கவில்லை. இரண்டு. மூன்று. எங்களைக் கடக்கும்போது ஏதோ சத்தம் கேட்டது. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள், இஞ்ஜின் என்றார் ஒருவர். இஞ்ஜின் இல்லை. சக்சேனா பாடிக்கொண்டிருந்தார்! ஏதோ பழைய இந்திப் பாட்டு, உரத்த குரலில், சுருதியே இல்லாமல்.

ஐந்து சுற்று. இறங்கியவர் நேராக நின்றார், ஆடவில்லை.

"அவர் ஒவ்வொரு வளைவையும் முன்கூட்டியே சொன்னார். எனக்கு என்ன வரப்போகிறது என்று தெரிந்திருந்தது. என் மனைவியை அழைத்து வரலாமா?"

மார்ச் 19

நாளை கூட்டம். சேலத்திலிருந்து அம்மா போன். "என்னடி, குரலே ஒரு மாதிரி ஜிலுஜிலுன்னு இருக்கு?" வேலைப் பளு என்றேன். "வேலைப் பளுவுல யாரும் இப்படிச் சிரிக்க மாட்டாங்க" என்று வைத்துவிட்டார்.

மார்ச் 20

பதினெட்டு மாதம் கொடுத்திருக்கிறார்கள்.

இஞ்ஜினைப் புதிய விதிக்கு மாற்ற அனுமதி. தாழ்ந்த கால்படி, சாய்மானம் இரண்டும் உண்டு. ஆனால் பதினெட்டு மாதத்தில் இரண்டாயிரம் வண்டி விற்றாக வேண்டும். இல்லையென்றால் அதோடு முடிந்தது, வேறு பேச்சில்லை. மாதம் நாற்பத்தொன்று என்பது நூற்றுப் பத்துக்கு மேல் ஆகவேண்டும். ஆகுமா? தெரியாது. யாருக்கும் தெரியாது.

கூட்ட அறையிலிருந்து வாகன நிறுத்தம் வரை ஓடினேன். நாற்பத்து மூன்று வயதில் அலுவலக வளாகத்தில் ஓடினால் காவலாளிகள் தீ விபத்து என்று நினைக்கிறார்கள். ஒருவர் மணியடிக்கப் போய்விட்டார், அவரைத் தடுத்துவிட்டு மறுபடி ஓடினேன்.

இருதயராஜ் வண்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டுச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். எழுந்து நின்று கையைத் துணியில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நீங்க புனே போங்க, நல்ல வேலை" என்று சொல்லிவிட்டேன். எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை! ஒரு மாதமாகத் தொண்டையில் உட்கார்ந்திருந்தது போலிருக்கிறது.

"அக்கா சொன்னாகளா?"

"ம்."

"வரலைன்னு எழுதிட்டேன் மேடம். போன மாசமே."

"போன மாசமா? அப்ப வண்டி இருக்குமா இல்லியான்னே தெரியாதே!"

"ஆமா, தெரியாது."

"பின்ன எதுக்கு?"

அவர் வானத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், எண்ணெய் டப்பாவின் மூடியைத் திருகினார். எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லும் மனிதருக்கு இதைச் சொல்ல வரவில்லை.

"வண்டிக்காக இல்ல" என்றார் கடைசியில்.

பிறகு எனக்குக் காது கேட்கவில்லை. நல்ல வெயில். நாங்கள் இருவரும் அங்கே எவ்வளவு நேரம் நின்றோம் என்று காவலாளியைக் கேட்டால் தெரியும்.

ஏப்ரல் 7

அவர் என்னை 'மேடம்' என்று கூப்பிடக்கூடாது என்று முடிவாகிவிட்டது. வேறு என்னவென்று கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. முழுப் பெயரையும் சொல்லிப் பார்த்தார். 'மங்கையர்க்கரசி' என்று முடிப்பதற்குள் நான் கேன்டீனைக் கடந்து போய்விட்டேன்.

ஏப்ரல் 12

ஞாயிறு. அம்மாவைப் பார்க்கச் சேலம் கிளம்பினோம். மணிக்கட்டு குணமாகிவிட்டது, ஆகவே நான் ஓட்டினேன். இருதயராஜ் பின்னால். இத்தனை வருட சர்வீஸில் அவர் பின் சீட்டில் உட்காருவது இதுதான் முதல் தடவை. தர்மபுரி வரை கைப்பிடியை இரண்டு கையாலும் இறுக்கியிருந்தார். தர்மபுரிக்குப் பிறகு வலது கை என் தோளுக்கு வந்தது. அவருக்கு எந்த மருத்துவக் காரணமும் இல்லை.

"பயமா இருக்கா?"

"ரோட்டுக்கு இல்ல. உங்க அம்மாவ நினைச்சா இருக்கு."

அம்மாவிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். உடன் வேலை செய்பவர் என்று ஆரம்பித்து, நல்ல குணம், வேறு மதம், ஆனால், என்று படிப்படியாகப் போகும் ஒரு பேச்சு தயார். தொப்பூர் இறக்கத்தில் அதை இன்னும் மெருகேற்றினேன்.

தெருவில் திரும்பியபோது அம்மா கேட்டில் நின்று கீரைக்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார். வண்டியை நிறுத்தினேன். சைடு ஸ்டாண்டை இரண்டு தடவை சரிபார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் இறங்கும் ஆளைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

தயாரித்ததில் ஒரு வார்த்தைகூட வரவில்லை.

"அம்மா, எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு" என்றேன். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, தெருவே கேட்கும்படி.

கீரைக்காரி கீரைக்கட்டைப் பிடித்தபடி நின்றாள். அம்மா மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"அதை முதல்ல தலையிலருந்து கழட்டுடி. ஒண்ணும் சரியா கேக்கல."

கழற்றினேன். மறுபடியும் சொன்னேன்.